சந்தியாகுவின் குரல் நிற்கிற இடம்

வடுகந்துறை பேருந்து நிலையத்தில் பாட்டெல்லாம் சாகாமல் நின்றுபோன கதையை அந்த ஊரில் யார் சொன்னாலும் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்துதான் தொடங்குவார்கள், பெட்டியைத் தேர்ந்தெடுத்தது மங்களேஸ்வரிதான் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள், அப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு குத்தல் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெட்டியிலிருந்து வந்த பாட்டை ஊரே கேட்டது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தது, பிள்ளையைத் தூங்க வைத்தது, பெண் பார்த்தது, கடைசியில் பழியை மட்டும் கண் தெரியாத ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது.

மங்களேஸ்வரிக்கும் அவள் புருஷன் சந்தியாகுவுக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளி விடுதியில் பழகி, அவன் மாதா கோயிலுக்கும் போகாமல் அவள் காளி கோயிலுக்கும் போகாமல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு வீட்டிலும் சேர்க்காததால் பேருந்து நிலையத்தைச் சேர்ந்துகொண்டவர்கள். அவன் ஆண் குரல் பாடுவான், அவள் பெண் குரல் பாடுவாள், பாட்டுக்கு நடுவே அவள் டப்பாவோடு பயணிகளிடம் போய் வருவாள். அவர்களிடம் இருந்தது ஒரு கூம்பு ஸ்பீக்கரும் ஒரு லாரி பேட்டரியும். பேட்டரியின் ஆசிட் பட்டு மங்களேஸ்வரியின் சேலையெல்லாம் ஓட்டை, அதைத் தூக்கித் தூக்கிச் சந்தியாகுவுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டிருந்தது. ஒரு நாள் சரணத்தின் நடுவே அது கர்ரென்று இழுத்துவிட்டு அடங்கிப்போக, சந்தியாகு வெறும் தொண்டையில் மிச்சத்தைப் பாடி முடித்தான். தனியார் பேருந்துகளின் ஹாரனுக்கு முன்னால் அது யார் காதிலும் ஏறவில்லை.

ஆகவே இருவரும் பள்ளிவாசல் தெருவில் சிராஜுதீன் பாய் கடைக்குப் புதுப் பெட்டி பார்க்கப் போனார்கள். கல்யாணப் பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம் அது. தெருவில் பாடுகிறவனுக்குப் பெட்டி இலேசாக இருக்கவேண்டும், இலேசாக இருந்தால் பேட்டரி நிற்காது, பேட்டரி நின்றால் சத்தம் போதாது, சத்தம் போதுமென்றால் குரல் தெளியாது. பாய் முதலில் எடுத்துவைத்த பெட்டியைச் சந்தியாகு ஒரு கையால் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான், சார்ஜ் மத்தியானம் வரைதான் வரும் என்று கேட்டதும் இறக்கிவைத்தான். இரண்டாவது பெட்டியைப் பாய் ரொம்பவும் புகழ்ந்தார்.

“இதுல கலர் கலரா லைட்டு எரியும் தம்பி. பாட்டுக்குத் தக்கன மாறும்.”

“எங்க ரெண்டு பேருக்கும் லைட்டு ரொம்ப முக்கியம் பாய்,” என்றான் சந்தியாகு.

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெட்டியில் திருகுகிற குமிழே இல்லை, வழவழவென்று ஒரு கண்ணாடி, எங்கே தொட்டால் என்ன ஆகும் என்று விரலுக்குத் தெரியாது. போதாததற்கு மேளம் முன்னால் வந்து நெஞ்சில் இடித்தது, குரல் கிணற்றுக்குள் கிடந்தது. “கொரல் முன்னால நிக்கணும் பாய், மேளம் பின்னால நிக்கணும். ஜனங்க வார்த்தையக் கேட்டுத்தான் நிப்பாக,” என்றாள் மங்களேஸ்வரி.

மூன்றாவது பெட்டி கடையின் மூலையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் கிடந்தது. கம்பெனிப் பெயர் இல்லை, கீழே சக்கரம், இழுத்துக்கொண்டு போகக் கைப்பிடி, தடவினால் பிடிபடுகிற மாதிரி பெரிய பெரிய குமிழ்கள். கூட ஒரு ஒயர் இல்லாத மைக். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டதற்குப் பாய், தான் சார்ஜே போட்டதில்லை, எப்போது போட்டாலும் பாடுகிறது என்று சாதாரணமாகச் சொன்னார். அதை யாரும் அப்போது ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியைச் சோதிக்க அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. மங்களேஸ்வரி கடை வாசலில் நிற்பாள், சந்தியாகு பாடிக்கொண்டே பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் தள்ளிப் போவான். எந்த இடத்தில் பாட்டு தேய்கிறதோ அங்கே அவள் கைதட்டுவாள், அதுதான் பெட்டியின் எல்லை. கண் தெரிந்தவர்கள் எத்தனை வாட்ஸ் என்று பார்த்து வாங்குவதை அவர்கள் இப்படித்தான் வாங்குவார்கள். அன்றைக்கு அவன் ஒரு தாலாட்டைத் தொடங்கி நகர்ந்தான். அவள் காத்திருந்தாள், பாட்டு தேயவில்லை. அவன் பூக்கடையைத் தாண்டியிருப்பான் என்று நினைத்தாள், பாட்டு அப்படியே இருந்தது. பள்ளிவாசல் திருப்பத்துக்கே போயிருப்பான், அப்போதும் அது அவள் காதோரத்தில் நின்று, தொட்டில் ஆட்டுகிற தூரத்திலிருந்து பாடுகிற மாதிரி பாடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தூரத்திலிருந்தும் பக்கத்தில் நிற்கிற குரல்! அவள் கைதட்டவே இல்லை. சந்தியாகு பாட்டை முடித்து, மூச்சு வாங்க, வியர்த்துக்கொண்டு திரும்பி வந்து அவள் தோளைத் தொட்டபோதும் தாலாட்டு அவள் காதருகே ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஏதோ பதிவாகிவிட்டது போலிருக்கிறது, அணைத்தால் நின்றுவிடும் என்றார் பாய். அவர்கள் பெட்டியை அணைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பாய்க்குத்தான் பாவம், அன்றிலிருந்து கடை வாசலில் கொட்டாவி விடாமல் வியாபாரம் செய்ய முடியவில்லை.

அந்தப் பெட்டியின் வழியாகப் போன குரல் போன இடத்திலேயே நின்றுவிடும், அவ்வளவுதான் விஷயம். கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்தால் கேட்கும், விலகினால் கேட்காது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஊர் இதற்கு ஒரு வாரம் ஆச்சரியப்பட்டது, அடுத்த வாரம் பழகிக்கொண்டது, அதற்கடுத்த வாரம் தனக்கு வசதியாக ஆக்கிக்கொண்டது. கண்டக்டர்கள் வழி கேட்டவர்களிடம் மாதா பாட்டைத் தாண்டி நில்லுங்கள், காதல் பாட்டுக்கு எதிர்த்தாற்போல் டவுன் பஸ் வரும் என்று சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிகள் தாலாட்டு நின்ற தூணடியில் வரிசை பிடித்தார்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பொது இடத்தில் பார்த்துக்கொள்வதென்றால் டூயட் நின்ற சிமெண்டு பெஞ்சுக்கு வந்தார்கள், பிடிக்காத மாப்பிள்ளையைப் பெண்கள் சோகப் பாட்டுப் பக்கமாக நடத்திப் போனார்கள். டீக்கடை காசிலிங்கம் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு பல்லவி நிற்பதாகவும் அதைக் கேட்டுப் பால் பொங்குவதாகவும் வாடிக்கையாளர்களிடம் அளந்தார். இரைச்சல் என்று மனு கொடுத்தவர்களும் உண்டு. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, பாட்டு இருக்கும் இடங்களில் காதை வைத்துப் பார்த்து, இது கட்டடமும் இல்லை ஆக்கிரமிப்பும் இல்லை, இடிக்க வழியில்லை என்று சொல்லிவிட்டுக் காசிலிங்கத்திடம் டீ குடித்துவிட்டுப் போனார்.

டப்பாவில் விழுவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நின்ற பாட்டைச் சும்மா கேட்கலாம், அதற்குப் பசிக்காது, அது கை நீட்டாது. புதுப்பாட்டுப் பாடினால் அன்றைக்குக் கொஞ்சம் விழும், மறுநாள் அதுவும் ஊர்ச் சொத்தாகிவிடும். அதனால் அவர்கள் பாட்டில்லாத இடம் தேடித் தேடிப் பாடவேண்டியிருந்தது, பாடப் பாட இடம் சுருங்கியது.

மங்களேஸ்வரியை உறுத்தியது வேறொன்று. அவளுக்குப் பேருந்து நிலையம் என்பது பாய்லரின் சீறல், சோடாக்கடையின் புட்டிச் சத்தம், பழக்கடைக்காரி ஈ ஓட்டும் சாமர ஓசை, மேற்கே நின்றால் கிழக்கேயும் கிழக்கே நின்றால் மேற்கேயும் கேட்கிற கண்டக்டர் கூவல். அந்தச் சத்தங்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடந்தாள், சாலையைக் கடந்தாள், கழிப்பறைக்குப் போய் வந்தாள். இப்போது எந்தப் பக்கம் அடி எடுத்து வைத்தாலும் ஒரு பாட்டு வந்து காதை அடைத்தது. பிளாட்பாரம் எங்கே முடிகிறது, வண்டி எங்கிருந்து வருகிறது ஒன்றும் தெரியவில்லை. கண் இல்லாமல் பிறந்தவள், முதல் முறையாகக் குருடியானாள்.

“இந்தப் பெட்டிய மாத்திருவோங்க,” என்றாள் ஒரு நாள், பெஞ்சு விளிம்பில் முட்டி பெயர்ந்த பிறகு. “நம்ம பாட்டு நம்மளயே மறைக்குது. பழைய கூம்பே தேவல.”

“கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? இத்தன வருசமா ஹாரனுக்குப் பாடுனேன் மங்களேஸ். ஒரு வார்த்தை நின்னுச்சா? இப்ப எங்க போனாலும் என் கொரல் எனக்கு முந்தி நிக்குது. இதயும் பிடுங்கணுமா?”

அவன் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்குத் தெரியும், விடுதியில் முதன்முதலாகப் பரிசு வாங்கியபோது அப்படித்தான் பேசினான். அந்தச் சந்தோஷத்தின் மேல் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆடி மாதக் காற்றுக் காலத்தில், வெயில் சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. மங்களேஸ்வரி டப்பாவோடு கிழக்குப் பக்கம் போயிருந்தாள். சந்தியாகு புது இடம் தேடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தவன், தாலாட்டு இந்தப் பக்கம், மாதா பாட்டு அந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுக் கணக்குத் தப்பி, பிளாட்பாரத்தின் சரிவில் இறங்கித் தனியார் பேருந்து பின்னோக்கி வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றான். தரை மாறியது காலுக்குத் தெரிந்ததும் நின்றுவிட்டான். மைக் கையில் இருந்தது, அதிலேயே கூப்பிட்டான்.

“மங்களேஸ், எங்க நிக்கிற? நான் எங்கன இருக்கேன்னு தெரியல.”

அவள் அதைக் கேட்டாள். கேட்டதும் பதில் சொன்னாள், கத்திச் சொன்னாள். மைக் இல்லாத வெறும் தொண்டை. பேருந்து பின்னோக்கி வந்தது. பின்னால் நின்று விசிலடித்து வண்டி எடுக்கவேண்டிய கண்டக்டர் டீக்கடையில் இருந்தான். பின்னால் ஒரு குரல் கேட்கத்தான் செய்தது, நின்றுபோன பாட்டு என்று நினைத்துவிட்டேன் என்று டிரைவர் பிறகு போலீஸில் அழுதுகொண்டே சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த நிலையத்தில் குரலுக்குப் பின்னால் ஆள் இருப்பார்கள் என்று நினைக்கிற பழக்கமே எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. சந்தியாகுவுக்கும் அது கடைசி நொடியில் புரிந்திருக்கிறது, பாட்டு இல்லப்பா, ஆளு, ஆளு நிக்கிறேன் என்று மைக்கில் கத்தியிருக்கிறான்.

பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ் அதை எடுத்துப்போய் வைத்திருந்துவிட்டு, கேட்பாரில்லாமல் பிறகு அவளிடமே கொடுத்தது.

அவன் குரலும் நின்றது. மங்களேஸ், எங்க நிக்கிற என்று கேட்கும், இடம் தெரியவில்லை என்று சொல்லும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்கு அப்புறம் தாழ்ந்த குரலில், “சரி” என்று ஒரு வார்த்தை. அதன்பின் இன்ஜின் சத்தம், ஆளு ஆளு என்ற கத்தல், நசுங்குகிற ஓசை. மறுபடி, மங்களேஸ், எங்க நிக்கிற.

ஊர் முதலில் அழுதது. அந்த இடத்தில் மாலை போட்டார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அவன் உயிரோடு இருந்தபோது டப்பாவில் விழாத காசெல்லாம் தரையில் விழுந்தது. பிறகு மாலை வாடி, அழுகை ஓய்ந்து, ஊர் அதையும் பழகிக்கொண்டது. பின்னால் எடுக்கிற டிரைவர்கள் ஜன்னல் வழியாகக் காதை நீட்டி, ஆளு என்ற சத்தம் கேட்டதும் பிரேக் போட்டார்கள், விசிலடிக்கத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. மாணவர்கள் அந்தக் குரல் மாதிரி பேசிக் காட்டிக் கல்லூரி ஆண்டுவிழாவில் கைதட்டு வாங்கினார்கள். அந்த “சரி” யாருக்குச் சொன்னது என்பதில் மட்டும் ஊர் இரண்டுபட்டது. எமனைப் பார்த்துச் சொன்னது என்றார்கள் ஒரு சாரார். ஆண்டவர் கூப்பிட்டார், வருகிறேன் என்றான் என்று மாதா கோயில் பக்கத்தார் சொன்னார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு சாராரும் ஒன்று, அவன் அவ்வளவு தெளிவாகக் கூப்பிட்டும் பெண்டாட்டிக்காரி வாயைத் திறக்கவில்லை. நிற்கிற குரலில் அவள் பதில் இல்லையே. அங்கே இல்லாதது நடக்கவில்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

“நான் பதில் சொன்னேன்ணே,” என்றாள் மங்களேஸ்வரி காசிலிங்கத்திடம்.

“என்னம்மா சொன்ன?”

அவள் டீயை ஊதினாள். காசிலிங்கம் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போனார். அவர் நல்ல மனுஷன், காசு வாங்காமல் டீ கொடுத்தார், நம்பத்தான் இல்லை. அவள் பாடுவதை விட்டிருந்தாள். தினமும் குரலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். புருஷன் கேட்டபோது பேசாதவள் இப்போது வந்து குந்தியிருக்கிறாள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அதைவிட அவளுக்குத் தாங்க முடியாதது அவன் கேட்டுக்கொண்டே இருப்பதுதான். நாள் முழுவதும், அவள் இல்லாத இரவு முழுவதும், எங்கே நிற்கிறாய் என்று ஒரு மனிதன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவனுக்குப் பதில் இல்லை.

கோர்ட்டில் வழக்கு நெருங்கியபோது பேருந்து முதலாளியின் மேனேஜர் தனுஷ்கோடி அவளைத் தேடி வந்தார். மெதுவாகப் பேசுகிற, செண்ட் வாசனை அடிக்கிற மனிதர்.

“ஜட்ஜு நேர்லயே வந்து கேக்கப்போறாராம்மா. ஆளு ஆளுன்னு அந்தாளு கத்துறதக் கேட்டா எங்க டிரைவர் கதி என்னாகும்? பிள்ளகுட்டிக்காரன். நீ அந்தப் பெட்டியவச்சு அதே எடத்துல கணீர்னு ஒரு பாட்டப் பாடிரு. அதுக்கு மேல இதுவும் நின்னுக்கும், ஒண்ணும் வெளங்காது. மேக்கால மூலையில பெட்டிக்கடை ஒண்ணு ஒன் பேருக்கு எழுதி வாங்கித் தர்றோம். காலத்துக்கும் உக்காந்து சாப்பிடலாம்.”

“ஒரு தடவதான் சொல்ல முடியும், இல்லீங்களா? மேல மேல போட்டா எல்லாம் கொழம்பிரும்.”

“ஒரு தடவ போதும்மா.”

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அந்த யோசனையில் பெட்டிக்கடை வெகுநேரம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மழைக்கு ஒதுங்கக் கூரை, யாரிடமும் டப்பா நீட்டாத கை. ஒரு பாட்டைப் பாடினால் போதும். அவன் கேள்வி பாட்டுக்கடியில் புதைந்துபோகும், அவள் சொன்ன பதிலும் யாருக்கும் தெரியாமலே போகும். பதிலைச் சொல்லவேண்டுமானால் அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை ஊரின் நடுவில் நிறுத்தவேண்டும்.

காலை நேரம், வெளியூர் போகிறவர்கள் கூட்டம். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து குரல் நின்ற இடத்தில் நிறுத்தினாள். பாடப்போகிறாள் என்ற சேதி பரவி, டிரைவர்கள் இன்ஜினை அணைத்தார்கள், காசிலிங்கம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்தார், தனுஷ்கோடி நிழலில் நின்று கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். அவள் குமிழைத் தடவித் திருப்பினாள், மைக்கை வாயருகே வைத்தாள். சந்தியாகு கேட்டான். இடம் தெரியவில்லை என்றான். அந்தச் சின்ன இடைவெளி வந்தது.

“அங்கனயே நில்லுங்க,” என்றாள் மங்களேஸ்வரி. “அசையாதீங்க. நான் வந்துர்றேன்.”

“சரி,” என்றான் சந்தியாகு.

பிறகு இன்ஜின் சத்தம் வந்தது. எமனும் இல்லை, ஆண்டவரும் இல்லை, பெண்டாட்டி சொன்னதைக் கேட்ட ஒரு மனிதன். வெறும் தொண்டையில் சொன்னது அத்தனை பாட்டையும் தாண்டி அவனுக்குக் கேட்டிருக்கிறது. நில் என்றாள், நின்றான். அதை அன்றைக்கே அந்த “சரி”யிலிருந்து தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். இத்தனை நாளும் அதை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தனுஷ்கோடி கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவருக்குப் பாட்டைவிட இது நல்ல லாபம். ஜட்ஜு வந்து கேட்டார், நின்றவனை நிற்கச் சொன்னது யார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார், டிரைவர் வீட்டுக்குப் போனான். பெட்டிக்கடையை யாரும் பிறகு பேசவில்லை. ஊரும் பதில் சொல்லாதவள் என்ற பேச்சை விட்டுவிட்டு, பதில் சொல்லிக் கொன்றவள் என்று மாற்றிக்கொண்டது.

இப்போது அந்த இடத்தில் இரண்டு குரல் நிற்கிறது. அவன் கேட்கிறான், அவள் சொல்கிறாள், அவன் சரி என்கிறான். ரொம்ப அந்நியோன்னியமான புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது மாதிரி இருப்பதால் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதுவரை நின்று கேட்கிறார்கள். அதன்பின் வருவது தெரியுமாகையால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய்விடுகிறார்கள். மங்களேஸ்வரி தள்ளிப்போவதில்லை. வந்துவிடுகிறேன் என்று சொன்னவள் அவள், தினமும் வந்து கடைசிவரை நிற்கிறாள்.